கொம்பைப் பாக்காதீங்க, காலைப் பாருங்க: கொம்பன் ஆந்தையும் பூமன் ஆந்தையும்

கேள்வி, 06-01-2024

"ரெண்டும் ஒரே சைஸ், ரெண்டுக்கும் கொம்பு, ரெண்டுக்கும் மஞ்சக் கண்ணு, ரெண்டும் ராத்திரியில அடிவயித்துல இருந்து கத்துது. பாறையில உக்காந்தா கொம்பன் ஆந்தை, ஆத்தோரம் உக்காந்தா பூமன் ஆந்தை. இடத்தை வச்சு பேர் வச்சிருக்காங்க, வேற வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியல. இருந்தா சொல்லுங்க."

06-01-2024, இரவு 9.20

இருக்கு. தலையில இருந்து கால் நகம் வரைக்கும் இருக்கு. ஆனா எல்லாரும் முதல்ல பாக்கறது கொம்பை, இந்த ரெண்டு பறவையில கொம்பை மட்டும் நம்பி ஒண்ணும் சொல்ல முடியாது. அது கொம்பும் கிடையாது காதும் கிடையாது, வெறும் இறகுக் கத்தை, பறவை நினைச்சா தூக்கும், நினைச்சா படுக்க வச்சுக்கும், நிஜக் காது முகத்து இறகுக்குள்ள மறைஞ்சு கிடக்கு. கொம்பன் உஷாரானா கொம்பு நட்டுக்கும், அசந்து உக்காந்திருந்தா சாஞ்சுடும். பூமனுக்கு பெரும்பாலும் கலைஞ்சு போய் பக்கவாட்டுல விழுந்து கிடக்கும், ஆனா நல்ல காத்து அடிச்சா கொம்பனுக்கும் அதே கதிதான்.

காலைப் பாருங்க. கொம்பனுக்கு கால் முழுக்க இறகு, விரல் வரைக்கும் புசுபுசுன்னு இறங்கி வரும், விரலோட கடைசிக் கணு மட்டும்தான் வெறுமையா இருக்கும். பூமனுக்கு முட்டிக்குக் கீழ இறகே கிடையாது, செதில் செதிலா வெறுங்கால், மங்கின மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறம். எவ்வளவு தூரத்துல இருந்தாலும், போட்டோ எவ்வளவு மோசமா இருந்தாலும், கால் தெரிஞ்சா கதை முடிஞ்சுது.

ஏன் இந்த வித்தியாசம்னு கேட்டா மீன்தான் பதில். பூமன் மீன் ஆந்தை வகை, ஒரு நாளைக்கு எத்தனை தடவை காலைத் தண்ணியில விடுற பறவை அது, இறகு இருந்தா ஒவ்வொரு தடவையும் ஊறிப்போகும், மீனோட வழவழப்பு ஒட்டும், காயவே காயாது. எலியைப் பிடிக்கற கொம்பனுக்கு அந்தப் பிரச்சனை இல்ல.

06-01-2024, இரவு 10.05

சைஸ் பத்தி சொல்ல விட்டுப்போச்சு. கொம்பன் சுமார் 50ல இருந்து 56 செ.மீ., எடை 1.1ல இருந்து 2 கிலோ. பூமன் 50ல இருந்து 60 செ.மீ., எடை 1.1ல ஆரம்பிச்சு 2.5 கிலோ வரைக்கும் போகும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டுதான் இருக்கு கணக்கு, அதுவும் ரெண்டுலயும் பொட்டைதான் பெருசு, அதனால ஒரு பெரிய பொட்டைக் கொம்பனையும் ஒரு சின்ன ஆண் பூமனையும் பக்கத்துல வச்சா எல்லாம் தலைகீழாயிடும். சைஸை வச்சு சொல்ற வரைக்கும் நீங்க சொல்றது சரி.

08-01-2024

பாதத்தை இன்னும் கொஞ்சம் விவரமா எழுதுங்கன்னு ஒருத்தர் கேட்டிருக்கார், சந்தோஷமா எழுதறேன், இந்தப் பறவையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே அதுதான்.

ஆத்துப் பாலத்துக்குப் பக்கத்துல வண்டி அடிச்சுப் போட்ட ஒரு பூமனை விடியக்காலையில பார்த்தேன், உடம்பு விறைச்சுப் போயிருந்துச்சு, வனத்துறை ஆள் வர்ற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். கால் மல்லாந்து கிடந்ததால உள்ளங்கால் நல்லா தெரிஞ்சுது. பலாப்பழத் தோல் மாதிரி, முள்ளு முள்ளா, சின்னச் சின்ன கூர் செதில், விரலுக்கு அடியில வரிசையா. வழுக்கற மீன் ஒரு தடவை இதுக்குள்ள மாட்டினா வழுக்கிப் போக வழியே இல்ல. நகமும் சும்மா கூர்மையா மட்டும் இல்ல, உள்பக்கம் விளிம்பு ஓடுது, கத்தி வாய்க்கு இருக்கற அந்த விளிம்பு. விரலுக்கு இடையில காஞ்சுபோன ஒரு மீன் செதில் ஒட்டியிருந்துச்சு, வெளிச்சம் பட்டதும் மின்னுச்சு. ராத்திரி சாப்பிட்டுட்டு அடுத்த இடத்துக்குப் பறந்திருக்கும் போல.

இதே மாதிரி முள்ளுப் பாதம் விரால் அடிப்பானுக்கும் உண்டு. அது பருந்துக் கூட்டம், இது ஆந்தைக் கூட்டம், சொந்தமே இல்ல. ஆனா ரெண்டும் மீன் பிடிக்குது, ரெண்டுக்கும் பாதம் ஒரே மாதிரி வந்து நிக்குது. இப்ப சொல்லுங்க, இருக்கற இடத்துக்காக வச்ச பேரா இது?

08-01-2024, மதியம்

பாலங்கள் பத்தி ஒரு வார்த்தை. தவளைக்கும் நண்டுக்கும் தாழப் பறக்கற பறவை பூமன், வெளிச்சம் கண்ணுல அடிச்சா ஒரு நொடி திகைச்சு நிக்கும். ஆத்துப் பாலத்துல ராத்திரி வண்டி ஓட்டறவங்க மெதுவாப் போங்க, அவ்வளவுதான் கேக்கறேன்.

11-01-2024

சத்தம். இதை பைனாகுலர் இல்லாமலே சொல்லிடலாம்.

ஆந்தைன்னா சத்தமே இல்லாம பறக்கும்னு எல்லாருக்கும் தெரியும், கொம்பனும் அப்படித்தான், தலைக்கு மேல போனாலும் காத்துகூட அசையாது. இதுக்குக் காரணம் இறகோட அமைப்பு. றெக்கையோட வெளி இறகுல முன் விளிம்பு சீப்புப் பல் மாதிரி வெட்டி வெட்டி இருக்கும், பின் விளிம்புல மெல்லிசா இழை தொங்கும், மேல்பரப்பு பூரா மெத்துன்னு இருக்கும். காத்து கிழிபடற சத்தத்தை இது மூணும் சேர்ந்து அடக்கிடுது. எலிக்குக் காது ரொம்பக் கூர்மை, அது கேட்டுடக் கூடாது, அதோட ஆந்தைக்கும் எலி நடக்கற சத்தம் கேக்கணும், தன் றெக்கைச் சத்தம் அதுல குறுக்க வரக் கூடாது.

பூமனுக்கு அந்தச் சீப்புப் பல் கிடையாது. தண்ணிக்கு அடியில இருக்கற மீனுக்கு மேல பறக்கற றெக்கைச் சத்தம் கேக்கப் போறதில்ல, அதனால அந்த ஏற்பாட்டுக்குத் தேவை இல்லாமப் போச்சு. ஒரு தடுப்பணை ஓரத்துல சாயங்காலம் இருட்டற நேரம் உக்காந்திருந்தப்ப பின்னாடி நீர்மருதுல இருந்து ஒண்ணு கிளம்பி என்னைத் தாண்டிப் போச்சு, நல்லா "வுஸ், வுஸ்"னு காதுல விழுந்துச்சு. முதல் தடவை கேக்கறவங்க நாரை போகுதுன்னுதான் நினைப்பாங்க. அது அணைச் சுவர் மேல இறங்கி, அங்க இருந்து கீழ குதிச்சு, தண்ணி கணுக்கால் அளவு ஓடற இடத்துல நடக்க ஆரம்பிச்சுது. நிஜமாவே நடந்துச்சு. ஒரு அடி வைக்கும், நின்னு குனிஞ்சு பாக்கும், அடுத்த அடி. திடீர்னு ஒரு கால் உள்ள போய் நண்டோட வெளிய வந்துச்சு. கல்லு மேல கொண்டுபோய் அலகால கொடுக்கை முறிச்சுப் போட்டுட்டு மிச்சத்தை ஓடோட தின்னுச்சு, முறியற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. ஆந்தை தண்ணியில இறங்கி நடக்கறதைப் பார்த்ததுக்கு அப்புறமும் ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்ல மனசு வருமா?

12-01-2024

"எங்க ஏரிக்கரையில எடுத்தது, அதனால பூமன்"னு ஒரு போட்டோ அனுப்பியிருக்காங்க. அது கொம்பன். காலைப் பாருங்க, விரல் வரைக்கும் இறகு. கொம்பன் தண்ணி பக்கத்துல வராதுன்னு யாரும் அதுக்குச் சட்டம் போடல, ஏரிக்கரை மண்சரிவு அதுக்கு ரொம்பப் பிடிச்ச இடம், வயல் எலி கரையிலதான் வளை போட்டிருக்கும், நண்டு கிடைச்சாலும் விடாது. அதே மாதிரி பூமனும் பாறை மேல உக்காரும், ஆத்துப் பாறையில பகல் வெளிச்சத்துலயே உக்காந்திருக்கறது சகஜம்.

15-01-2024

கூப்பாடு பத்தி நாலஞ்சு பேர் கேட்டுட்டாங்க.

கொம்பன்: ரெண்டே சத்தம். "பு... பூஊ". முதல்ல குட்டையா, அடுத்தது இழுத்து, கனமா. இருட்டினதும் ஒரு பாறை உச்சியில இருந்து ஆரம்பிக்கும், இடைவெளி விட்டு விட்டு திரும்பத் திரும்ப. மார்கழி, தை மாசத்துல நல்லா கூப்பிடும், இனப்பெருக்க சமயம் அது. குன்றுல பட்டு எதிரொலிச்சா ரொம்ப தூரம் போகும்.

பூமன்: "பூம்... ஓ... பூம்". மூணு துண்டு, நடுவுல இருக்கறது மெல்லிசு. மொத்தத்துல அடக்கமான சத்தம், தரைக்கு அடியில இருந்து வர்ற மாதிரி அதிரும், எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்கவே முடியாது, பக்கத்து மரத்துல இருந்து கூப்பிட்டாலும் ஆத்துக்கு அந்தப் பக்கம்னு தோணும். ஜோடி மாத்தி மாத்திக் கூப்பிடும்போது இன்னும் குழப்பும்.

கூப்பிடும்போது ரெண்டும் தொண்டையில இருக்கற வெள்ளைத் திட்டை உப்ப வைக்கும். மங்கின வெளிச்சத்துல அந்த வெள்ளை மட்டும் தெரிஞ்சு தெரிஞ்சு மறையும், எங்க உக்காந்திருக்குன்னு பல தடவை எனக்கு அதுதான் காட்டிக் கொடுத்திருக்கு.

ரெக்கார்டிங் போட்டு கூப்பிட்டுப் பாக்காதீங்க. அதுவும் இந்த மாசங்கள்ல. வேற ஆந்தை எல்லைக்குள்ள வந்துட்டுதுன்னு நினைச்சு முட்டையை விட்டுட்டு சண்டைக்கு வரும், அந்த நேரத்துல முட்டை ஆறிப்போகும். நமக்கு ஒரு போட்டோ, அதுக்கு அந்த வருஷமே போச்சு.

16-01-2024

முகத்தைப் பத்தி எழுதாம விட்டா பாதி விஷயம் போயிடும்.

கொம்பனுக்கு முகம் தனியா ஒரு வட்டமா தெரியும், சுத்தியும் கருப்பு விளிம்பு கட்டியிருக்கும். அந்த வட்டம் அழகுக்கு வந்தது இல்ல, சத்தத்தைச் சேர்த்துக் காதுக்கு அனுப்பற வேலை அதுக்கு. பூமனுக்கு அந்த வட்டம் இருக்கா இல்லையான்னே சரியா தெரியாது, முகமும் தலையும் ஒண்ணா கலந்துபோய் தட்டையா தெரியும், விளிம்பே இல்ல. தண்ணிக்குள்ள மீன் நகர்ற சத்தம் மேல கேக்காது, கண்ணாலதான் கண்டுபிடிக்கணும். கால், றெக்கை, முகம் மூணும் ஒரே காரணத்தைச் சொல்லுது பாருங்க. இதனாலதான் எனக்கு இந்த ஜோடி மேல இவ்வளவு ஆசை, ஒரே குடும்பத்துல பொறந்து ஒண்ணு எலியைத் தேடிப் போச்சு, ஒண்ணு மீனைத் தேடிப் போச்சு, போன வழியிலேயே உடம்பு மாறிடுச்சு.

கண்ணு: கொம்பனுக்கு ஆரஞ்சு கலந்த மஞ்சள், பூமனுக்குப் பொன் மஞ்சள். நேர்ல பளிச்சுன்னு தெரியும். போட்டோவுல பிளாஷ், சாயங்கால வெயில் ரெண்டும் நிறத்தை மாத்திடும், அதனால கண்ணை மட்டும் வச்சு யாரும் அடிச்சுச் சொல்லாதீங்க.

20-01-2024

கால் தெரியலன்னா என்ன பண்றது? நியாயமான கேள்வி. முக்காவாசி போட்டோவுல கால் கிளைக்குப் பின்னாடியோ வயித்து இறகுக்குள்ளயோதான் இருக்கும்.

மார்பைப் பாருங்க. கொம்பனுக்கு மார்போட மேல்பகுதியில தடித்தடியா கருப்புக் கீத்து, கீழ போகப் போக மெலியும். பூமனுக்கு மேல இருந்து கீழ வரைக்கும் சன்னமான கோடுதான், நெருங்கிப் பார்த்தா குறுக்கால அலை அலையா பழுப்பு வரி ஓடும். மொத்தத்துல கொம்பன் கருப்பும் செம்பழுப்பும் கலந்து திட்டுத்திட்டா இருக்கும், பூமன் ஒரே பழுப்பா மங்கலா இருக்கும். பறக்கும்போது கொம்பனோட றெக்கையில முதல் இறகுகளோட அடிப்பகுதி செம்பழுப்பா ஒரு பெரிய திட்டா தெரியும், பூமனுக்கு அது இல்ல. டார்ச் வெளிச்சத்துல ஒரு நொடி கடந்து போனாலும் அந்தத் திட்டு கண்ணுல படும்.

இன்னொண்ணு. "வெறுங்கால்னா மீன் ஆந்தை"ன்னு நான் சொன்னதை உலகம் பூராவும் எடுத்துட்டுப் போயிடாதீங்க, நம்ம பக்கத்து ரெண்டு பறவைக்குத்தான் அது. இமயமலை அடிவாரத்துல இருக்கற செம்பழுப்பு மீன் ஆந்தைக்குக் கால்ல பாதி வரைக்கும் இறகு இருக்கு. ரஷ்யாவோட கிழக்கு ஓரத்துலயும் ஜப்பானோட ஹொக்கைடோ தீவுலயும் ஒரு மீன் ஆந்தை இருக்கு, பிளாகிஸ்டன் மீன் ஆந்தை, உலகத்துலயே ரொம்பப் பெரிய ஆந்தைன்னு அதைத்தான் சொல்றாங்க, பொட்டை 4 கிலோவைத் தாண்டும், அதுக்குக் காலெல்லாம் இறகு. உறைபனிக் குளிர்ல வெறுங்காலோட நின்னா என்ன ஆகும்னு யோசிச்சா புரியும். ஈரத்தைப் பாக்கறதா குளிரைப் பாக்கறதான்னு வந்தா அங்க குளிருதான் ஜெயிக்குது.

20-01-2024, இரவு

பிளாகிஸ்டன் பத்தி எழுதினதும் நாலு பேர் அதையே கேக்கறாங்க. பனி ஆத்துல தண்ணி உறையாம ஓடற இடம் பார்த்து நின்னு சால்மன் வகை மீன் பிடிக்கும். ஹொக்கைடோவுல பெரிய பொந்து இருக்கற மரமெல்லாம் போனதால மரத்துல பெட்டி கட்டி விட்டுத்தான் காப்பாத்திட்டு இருக்காங்க. நம்ம ஆத்தோரத்துல பழைய மரம் போனா பூமனுக்கும் அந்த நிலைமைதான் வரும்.

27-01-2024

"ரெண்டும் புபோ தானே, புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு"ன்னு ஒருத்தர் கோவமா எழுதியிருக்கார். புபோங்கறது கொம்பனோட பேரினம், அதாவது நெருங்கின சொந்தமான பறவைகளைச் சேர்த்து அறிவியல்ல வைக்கற கூட்டுப் பேர். எந்த வருஷத்துப் புத்தகம்ங்கறதைப் பொறுத்தது அது.

பூமனுக்கு முதல்ல அறிவியல் பேர் வச்சது 1788ல, க்மெலின்ங்கற விஞ்ஞானி, இலங்கையில இருந்து கிடைச்ச விவரத்தை வச்சு. அதனாலதான் அறிவியல் பேர்ல சைலோனென்சிஸ்னு ஒட்டிக்கிச்சு. கொம்பனுக்குப் பேர் வச்சது 1831ல, பிராங்க்ளின், பெங்காலென்சிஸ். கொம்பனை ரொம்ப நாள் ஐரோப்பாவுல இருக்கற பெரிய கொம்பு ஆந்தையோட ஒரு கிளையினம்னு வச்சிருந்தாங்க, அப்புறம்தான் தனி இனமாச்சு. பூமன் கெட்டுபாங்கற பேரினத்துல இருந்துச்சு, நடுவுல மரபணு ஆய்வு வந்ததும் புபோவுக்குள்ள கொண்டு போனாங்க, இப்ப திரும்ப கெட்டுபாவுக்கே கொண்டு வந்துட்டாங்க. அது மட்டும் இல்ல, கொம்பு ஆந்தைன்னு நாம நினைச்சிட்டிருந்த இன்னும் சில பறவையும் கெட்டுபா பக்கம் போயிருக்கு. வெள்ளை வெளேர்னு வடதுருவத்துல இருக்கற பனி ஆந்தை, பார்த்தா எந்தச் சொந்தமும் சொல்ல முடியாது, அது கொம்பனோட புபோவுக்குள்ள இருக்கு. வெளித்தோற்றத்தை நம்பினா இதெல்லாம் வெளிய வராது.

ஆக ரெண்டும் பங்காளிங்க. ரொம்ப நெருக்கமான பங்காளிங்க. ஆனா ஒரே வீடு இல்ல.

28-01-2024

இலங்கையில இருந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க, குளக்கட்டுல இருந்த பெரிய ஆந்தை கொம்பன்தானான்னு. அக்கா, இலங்கையில கொம்பனே கிடையாது. இந்தியா, பாகிஸ்தான், நேபாளப் பக்கத்தோட அது நின்னுடுது, கடல் தாண்டல. நீங்க பார்த்தது குளக்கட்டுன்னா பூமனாத்தான் இருக்கணும், உங்க பக்கத்துப் பூமன் எங்களோடதை விடக் கொஞ்சம் சின்னது, நிறமும் அடர்த்தி. ஒருவேளை அடர்ந்த காட்டுக்குள்ள, கண்ணு கருப்பா, அலகு மஞ்சளா, வயித்துல பெரிய பெரிய புள்ளியோட பார்த்தீங்கன்னா அது இன்னொரு பெரிய ஆந்தை. உலமான்னு அங்க ஊர் ஊரா பயத்தோட பேசற அலறல் சத்தம் இதோடதா இருக்கலாம்னு பலர் சொல்றாங்க. அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலையில எங்களுக்கு உண்டு. கண்ணு கருப்புன்னு தெரிஞ்சாலே கொம்பனும் இல்ல பூமனும் இல்ல.

பூமனோட பரப்பு ரொம்பப் பெருசு, கிழக்கே சீனா வரைக்கும் இருக்கு, மேற்கே துருக்கியோட தெற்குப் பக்கம் டாரஸ் மலை ஓடைகள்ல கொஞ்சம் மிச்சம் இருக்கு.

04-02-2024

எந்த ஆந்தைன்னு நேர்ல பாக்காமலும் சொல்லலாம், உக்கார்ற இடத்துக்குக் கீழ தேடுங்க. செரிக்காத முடி, எலும்பு, ஓடு எல்லாத்தையும் உருண்டையா கக்கிப் போடும்.

ஒரு பழைய கல்குவாரியில பாறைத் திட்டுக்குக் கீழ இருந்து பொறுக்கின கொம்பன் உருண்டை ஒண்ணை வெந்நீர்ல ஊற வச்சுப் பிரிச்சுப் பார்த்தேன். முதல்ல வர்றது பூரா சாம்பல் முடி, கெட்டியா திரிஞ்சு கிடக்கும். அதுக்குள்ள எலி மண்டை ஒண்ணு உடையாம, முன் பல்லு ஆரஞ்சு நிறத்துல அப்படியே. கீழ் தாடை ஜோடியா. அப்புறம் ஏதோ குருவியோட கால் எலும்பு, கடைசியில வண்டோட இறக்கை ஓடு, பச்சை மினுமினுப்பு போகாம. புதுச்சேரி, ஆரோவில் பக்கம் கொம்பனைப் பல வருஷம் ஆராய்ச்சி பண்ணவங்களும் எலிதான் அதோட பிரதான சாப்பாடுன்னு எழுதியிருக்காங்க. விவசாயி வீட்டு வேலையை சம்பளம் இல்லாமப் பாக்குற பறவை இது.

பூமன் உக்கார்ற மரத்தடியில கிடைக்கறது வேற. முடி ரொம்பக் கம்மி, அதனால கெட்டியாவே நிக்காது, தொட்டா உதிரும். நண்டு ஓட்டுத் துண்டு, மீன் செதில், மீன் முள்ளு, தவளை எலும்பு. நாத்தமும் வேற. சில சமயம் எலி, பறவை எல்லாம் அதுவும் சாப்பிடும், செத்த முதலையைக்கூடத் தின்னதா பதிவு இருக்கு. அதனால ஒத்தை உருண்டையை வச்சு முடிவு பண்ணாதீங்க, மரத்தடியில கிடக்கற மொத்தத்தையும் பாருங்க.

05-02-2024

"பகல்ல எப்படித் தேடறது?" காக்கா, ரெட்டைவால் குருவி, கொண்டைக்குருவி எல்லாம் ஒரே இடத்தைப் பார்த்துக் கூச்சல் போட்டா அந்த இலைக்குள்ள பாருங்க. ஆந்தை இல்லன்னா பாம்பு. எதுவா இருந்தாலும் தள்ளி நின்னே பாருங்க.

18-02-2024

இடம் எங்கன்னு தனியா கேக்கறவங்க எல்லாருக்கும் சேர்த்து: சொல்ல மாட்டேன். கோவிச்சுக்காதீங்க.

ஆந்தையைப் பூஜைக்கும் மாந்திரீகத்துக்கும் பிடிக்கறாங்க, தீபாவளி சமயத்துல வடக்குல இந்த வியாபாரம் ஏறும்னு வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கற டிராஃபிக் அமைப்பு திரும்பத் திரும்ப எச்சரிக்கை பண்ணுது. பெரிய ஆந்தை, அதுலயும் கொம்பு உள்ள ஆந்தைக்குத்தான் சக்தி அதிகம்னு ஒரு நம்பிக்கை. அதாவது நம்ம ரெண்டு பறவையும்தான் முதல் குறி. பட்டினி போட்டா மனுஷன் குரல்ல பேசும்னு சொல்லி அடைச்சு வச்சுச் சாகடிச்சிருக்காங்க. படிச்சப்ப எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல. 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி எந்த ஆந்தையைப் பிடிச்சாலும் வித்தாலும் குற்றம், ஆனா ஆத்தோரத்துல ராத்திரி யார் பாக்கறா? கொம்பன் வருஷா வருஷம் அதே பாறைத் திட்டுல முட்டை வைக்கும், ஒரு தடவை இடம் வெளிய போச்சுன்னா அடுத்த வருஷமும் அங்கேயேதான் மாட்டும். அதனால போட்டோ போடும்போது ஜிபிஎஸ் விவரத்தை எடுத்துட்டுப் போடுங்க, ஊர் பேரு வேண்டாம், மாவட்டம் போதும்.

25-02-2024

எந்த ஆபத்து எதுக்குன்னு பார்த்தா அதுலயும் ரெண்டும் ஒண்ணு இல்ல. கொம்பனுக்குக் குவாரி ரெண்டு விதமா வேலை செய்யுது. கைவிட்ட குவாரி அதுக்கு நல்ல வீடு, செங்குத்தான சுவர், திட்டு, கீழ முட்புதர், எலி. அதே குவாரியில திரும்ப வெடி வச்சா ஒரே நாள்ல எல்லாம் போச்சு. எலிக்கு வைக்கற விஷமும் எலி வழியா இதோட வயித்துக்குத்தான் போகும். பூமனுக்கு ஆத்தோரத்துப் பெரிய மரம் வேணும், நீர்மருது, ஆல், மா, பகல் பூரா இலைக்குள்ள மறைஞ்சு உக்கார, பொந்துலயோ பழைய பருந்துக் கூட்டுலயோ முட்டை வைக்க. அதோட ஆழம் இல்லாம ஓடற தெளிஞ்ச தண்ணி. மணல் அள்ளி ஆத்தைக் குழியாக்கினா மீன் இருந்தும் இதுக்கு எட்டாது. இது ரெண்டையும் சேர்த்து "ஆந்தைப் பாதுகாப்பு"ன்னு ஒரே கணக்குல எழுதினா ரெண்டுக்குமே பிரயோஜனம் இல்ல.

03-03-2024

முதல் கேள்வி கேட்டவரே திரும்ப எழுதியிருக்கார்: "சரி, வித்தியாசம் இருக்குன்னு ஒத்துக்கறேன், ஆனா போட்டோ எடுக்கறவனைத் தவிர வேற யாருக்கு இது தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?"

இந்த மாசம்தான் அது தெரிஞ்சிருக்கணும். "தரையில கிடந்துச்சு, பாவம், வீட்டுக்குக் கொண்டு வந்துட்டோம்"னு குஞ்சு ஆந்தை போட்டோ வர்ற மாசம் இது.

கொம்பன் கூடே கட்டாது. பாறைத் திட்டுலயோ மண்சரிவுலயோ புதருக்கு அடியிலயோ தரையில லேசா பள்ளம் பறிச்சு முட்டை வைக்கும், மூணு நாலு வைக்கும். குஞ்சு பறக்கக் கத்துக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே நடந்து வெளிய வந்துடும், பாறை இடுக்கு, முட்புதர்னு சுத்தும். தாயும் தகப்பனும் பக்கத்துலயேதான் இருக்கும், ஆறு மாசம் வரைக்கும் கூடவே வச்சு சாப்பாடு கொடுக்கும். நீங்க நெருங்கினா பெருசு றெக்கை உடைஞ்ச மாதிரி தரையில புரண்டு உங்களை வேற பக்கம் இழுக்கும். ஒரு ஓடைச் சரிவுல இதைப் பார்த்திருக்கேன், ஒத்தை றெக்கையைத் தொங்க விட்டு இழுத்து இழுத்துப் போச்சு, நாங்க பின்வாங்கினதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி எழும்பிப் பறந்துடுச்சு. அந்தக் குஞ்சு அனாதை இல்ல. தரையில இருக்கறதுதான் அதோட வீடு. தொடாம வந்துடுங்க. நாயையும் கூட்டிட்டு வந்துடுங்க.

பூமன் குஞ்சு தரையில கிடந்தா கதை வேற. அது மரப் பொந்துலயோ உயரமான கூட்டுலயோ வளர்ற குஞ்சு, ஒண்ணோ ரெண்டோதான் இருக்கும், ஏழு வாரம் போல ஆனாத்தான் வெளிய வரும். அதுக்கு முன்னாடி கீழ கிடந்தா விழுந்திருக்குன்னு அர்த்தம். காத்து, மரம் வெட்டு, ஏதோ ஒண்ணு. அதைத் திரும்ப மேல வைக்கணும், இல்ல அடிபட்டிருந்தா வைத்தியம் பாக்கணும். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்க, அது வரைக்கும் காத்து போற மாதிரி ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில இருட்டா வைங்க. தண்ணியை வாயில ஊத்தாதீங்க, பால் சோறு எதுவும் வேண்டாம்.

ரெண்டுல எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது, குஞ்சுல எல்லாமே பஞ்சுப் பொதியாத்தானே இருக்கும்? காலைப் பாருங்க. பொரிச்சு ரொம்ப நாள் ஆகாத குஞ்சுல சரியாத் தெரியலன்னா சுத்திப் பாருங்க, மேல பெரிய மரம் இருக்கா, இல்ல நீங்க நிக்கறது பாறைச் சரிவா. அப்பவும் சந்தேகம்னா எடுக்காம போட்டோ மட்டும் எடுத்து அனுப்புங்க, ராத்திரி எந்நேரமானாலும் பதில் போடறேன்.